ஏர் ஃபில்டரை மாற்றினால் கண்ணாடி மோட்டார் கெடுமா?

திருப்பூர் தம்பி ஒருவர் தன் கார் வாரண்டி மறுக்கப்பட்டதைப் பற்றிப் போட்ட பதிவைப் பலர் பார்த்திருப்பீர்கள். கார் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை அவர் வீட்டில் மாற்றியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, "வெளியில கை வெச்சிட்டீங்க சார், வாரண்டி போச்சு" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைவிட எனக்கு வலித்தது அந்தப் பதிவுக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள். "நாலு காசு மிச்சம் பிடிக்கப் போனா இப்படித்தான்" என்று எத்தனை பேர்!

ஏர் ஃபில்டர் இருப்பது பானெட்டுக்குள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் இருப்பது கதவுக்குள். ஒன்றைத் தொட்டதால் இன்னொன்று எப்படிக் கெட்டது? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாரண்டியை மறுக்கிறவர்.

இது என் சொந்த நியாயம் இல்லை. 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, அந்த உத்தரவிலேயே இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை போடக்கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ, அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம். "கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்களே" என்பீர்கள். போனார்கள், தெரியும். அதற்காக ஏர் ஃபில்டருக்கும் கதவு மோட்டாருக்கும் புதிதாகத் தொடர்பு முளைத்துவிடுமா?

நான் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. வாரண்டி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர், மாதக் கணக்கு சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தவறாமல் செய்துவிடுங்கள். ஆயில் மாற்றுவதை வாரண்டி முடியும்வரை அவர்களிடமே விடுங்கள் என்றுதான் சொல்வேன். இன்ஜினுக்குள் ஏதாவது கெட்டால் முதலில் கேட்கப்படும் காகிதம் ஆயில் மாற்றிய பில்தான். இடையில் செய்யும் சின்ன வேலைகள் உங்கள் உரிமை: ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர், பல்பு, டயர் காற்று, பேட்டரி டெர்மினல் சுத்தம்.

ஏர் ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம். பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்குங்கள். பழையதை எடுக்கும்போது தூசி இன்ஜின் பக்கம் விழக்கூடாது. பெட்டியின் அடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புதியதன் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்த பிறகே மூடியைப் போடுங்கள். ஒரு மூலை தூக்கி நின்றாலும் வடிகட்டாத காற்று உள்ளே போகும், அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்க்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் போடுகிறவர்கள் கவனியுங்கள்: எண்ணெய் அதிகமானால், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரின் கம்பியில் படிந்து அளவு தப்பும். அந்த சென்சாருக்கு வாரண்டி மறுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அங்கே தொடர்பு இருக்கிறது. கேபின் ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதில் போட்ட அம்புக்குறி காற்று போகும் திசை. அதை மாற்றிப் போடாதீர்கள். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

செய்ததற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். ஜிஎஸ்டி பில், பார்ட் நம்பர் தெரியும் அட்டைப்பெட்டி, அன்றைய மீட்டர் அளவின் படம் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை அடுத்த சர்வீஸ் வரை தூக்கிப் போடாதீர்கள்.

"எல்லாருக்கும் இது வருமா? வயரை வெட்டி ஹாரன் போட்டுட்டு வாரண்டி கேக்குறாங்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். வயரிங்கை வெட்டுவது வேறு. ஒரிஜினல் வயர்க்கட்டில் பிளேடு வைத்து, ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) இல்லாமல் கனமான ஹாரனையோ அதிக வாட் பல்பையோ கோர்த்தால் வயர் சூடாகும், உறை உருகும். அதற்கு வாரண்டி இல்லை என்றால் நியாயம். கூலன்ட்டில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும், அதுவும் நியாயம். இதைக் காட்டி வைப்பர் மாற்றியவரையும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

"அவங்க ட்ரெயினிங் எடுத்தவங்க, உனக்கு என்ன தெரியும்?" என்ற கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. பயிற்சி எடுத்தவர்கள் கையிலும் தப்பு நடக்கிறது. என் மச்சான் காரில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை ஒரு சர்வீஸ் சென்டரில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி, அலுமினிய சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) மரையை வழித்துவிட்டார்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு, ஒரு புது வாஷர் போட்டு இறுக்கியிருந்தால் முடிந்திருக்கும். சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகியபோது "கல்லு அடிச்சிருக்கும்" என்றார்கள். ஆதாரம் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாம் தொட்டால் ஆதாரமே இல்லாமல் குற்றம், அவர்கள் தொட்டால் கல். அதிகம் ஓடாத காருக்கு இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), தேவையில்லாத அலைன்மென்ட் எல்லாம் பில்லில் ஏறும்போது கேள்வி கேட்காத நாம், தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிற பையனைக் கஞ்சன் என்கிறோம். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கில் ஆயில் பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர் என்றாலே சில இடங்களில் முகம் மாறுகிறது. பணம் கொடுத்து வாங்கிய வண்டியில் நமக்கு அவ்வளவுகூட உரிமை இல்லையா?

தம்பி, நீ விட்டுவிடாதே. கதவின் உள்பேனலைத் தொட விடாமல் முதலில் நாலு பக்கமும் படம் எடு. கிளிப், ஸ்க்ரூ மூடி எதுவும் கழற்றப்பட்ட தடம் இல்லை என்பது அதில் தெரிய வேண்டும். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போய், புகாரையும் வேலையையும் பதிவு செய்யும் ஜாப் கார்டு திறக்கச் சொல். எந்தக் காரணத்தால் மோட்டார் கெட்டது, அதற்கும் ஏர் ஃபில்டருக்கும் என்ன தொடர்பு என்று அதிலேயே எழுதி, சீல் வைத்துத் தரச் சொல். எழுத மறுத்தால் அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்களோடு மின்னஞ்சல் போடு, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடு. அந்தத் தேதி தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை உன் பதிவிலேயே போடு.