குவாங்ஜு டிவி படுகொலையை நேரலையாகக் காட்டியதா? உண்மை விளக்கம்

“1980-ல் தென் கொரியாவின் குவாங்ஜு நகர டிவி நிலையம், ராணுவம் மக்களைச் சுட்டதை நேரலையில் காட்டியது. அதனால் ராணுவமே நிலையத்தைக் கொளுத்தியது” என்று ஒரு வண்ண வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு.

மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுக்க விரிவாக்கப்பட்டது. தணிக்கை அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் எந்தச் செய்தியும் வெளிவர முடியாது. ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்த மாணவர்களைத் தெருவில் பாராசூட் படையினர் தடியால் அடித்து நொறுக்கியபோது, உள்ளூர் டிவி நிலையமான எம்பிசி அதைக் காட்டவில்லை. கொதித்துப்போன மக்கள்தான் முற்றுகையிட்டார்கள். மே 20 இரவு கட்டடம் எரிந்தது. அதற்காக ஊரின் செய்தியாளர்கள் எல்லோரும் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. அதே நாளில் ‘ஜொன்னாம் மேஇல்’ என்ற உள்ளூர் நாளிதழின் நிருபர்கள், கண்ணால் பார்த்ததில் ஒரு வரிகூட அச்சிட முடியவில்லை, வெட்கத்தோடு பேனாவைக் கீழே வைக்கிறோம் என்று கூட்டாக ராஜினாமா எழுதினார்கள்.

அப்படியானால் அந்த வண்ணக் காட்சி? தென் கொரிய நிலையங்களில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதே 1980 டிசம்பரில்தான். அந்த நாட்களின் புகழ்பெற்ற வண்ணக் காட்சிகள் ஜெர்மன் செய்தியாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் ஃபிலிமில் எடுத்து, பிஸ்கட் டின்னில் மறைத்து வெளியே கொண்டுபோனவை. முதலில் பார்த்தவர்கள் ஜெர்மனி மக்கள்.

சந்தேகம் இருந்தால் குவாங்ஜுவில் உள்ள மே 18 ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பாருங்கள். இந்த எழுச்சியின் ஆவணங்களை 2011-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. அந்த வீடியோவை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். குரூப்பில் வந்தால் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.