அந்த 100 எம்பிபிஎஸ் வைஃபை எங்கே?

பாலியில் சாங்கு பக்கம் பலர் சேர்ந்து தங்கி இணையம் வழியே வேலை செய்யும் எந்தப் பகிர்வு வீட்டு விளம்பரத்தைப் பார்த்தாலும் ‘100 எம்பிபிஎஸ் வைஃபை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சரி, அது டவுன்லோடு வேகம், வினாடிக்கு 100 மெகாபிட். அப்லோடு எவ்வளவு? கேட்டால் பதில் வராது. வீடியோ காலில் என் முகமும் குரலும் போய்ச் சேருவது அதில்தானே! வீட்டுக்கே ஒரு ரவுட்டர், அதுவும் வரவேற்பறையில். சுவர்களைத் தாண்டி என் அறைக்கு வருவதற்குள் சிக்னல் செத்துவிடுகிறது. இங்கே பகல் 12.30, சென்னையில் காலை 10, மீட்டிங் தொடங்கும் நேரம். அப்போதுதான் பக்கத்து அறைக்காரர் முழுப் படத்தையும் இறக்குவார். மழை வந்தால் கரண்ட் போகும். ரவுட்டருக்கு ஒரு யுபிஎஸ் கூடவா வைக்க முடியாது? வாடகையை மட்டும் மாதம் பிறக்கும் முன்பே வாங்கத் தெரிகிறதே! நீச்சல் குளத்தை நாலு கோணத்தில் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கு, வேலை செய்ய வந்தவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று ஏன் புரியவில்லை?