மறைவது குடை வடிவம் மட்டுமே
ஓர் ஆண்டு தென்பட்ட நன்னீர் ஜெல்லிமீன்கள் மறு ஆண்டு காணாமற்போனால் நீர் மாசுபட்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கிருஷ்ணகிரியை அடுத்த, மழைநீர் தேங்கிய பழைய கிரானைட் குவாரி ஒன்றில் ஐந்து ரூபாய் நாணய அளவில் அவை விரிந்து சுருங்கி நீந்துவதை ஒரு கோடையில் கண்டேன். அடுத்த இரு கோடைகளில் ஒன்றுகூட இல்லை, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் வந்தன. நம் கண்ணில் படும் குடை வடிவம் சில வாரங்களே வாழும். ஆனால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவேயுள்ள ‘பாலிப்’ என்னும் மற்றொரு வாழ்நிலையில் அவ்வுயிர் கல்லிலும் நீர்த்தாவரத்திலும் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் இருந்து, வெதுவெதுப்பும் இரையும் கூடிவரும்போதுதான் குடை வடிவங்களை அரும்பி வெளிவிடுகிறது. 1880இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் அல்லித் தொட்டியில் அவை திடீரெனத் தோன்றியதும் இவ்வாறே இருக்க வேண்டும். இவற்றை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்கும் அன்பருக்கு: நான் எடுத்துவந்த மூன்றும் ஃபில்டரின் உறிஞ்சலில் சிக்கி இரண்டே நாளில் கிழிந்துபோயின.