காகிதக் கப்பின் உட்புறம்

காகிதக் கப்பில் பிளாஸ்டிக்கே இல்லை, விருந்து முடிந்ததும் தோட்டத்தில் புதைத்தால் மக்கிவிடும் என்று குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பலர் இங்கே பகிர்ந்திருக்கிறார்கள். நோக்கம் நல்லது, தகவல் சரியில்லை.

வெறும் காகிதம் சூடான தேநீரைத் தாங்காது. அதனால் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கப்புகளின் உட்புறத்தில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாக ஒட்டியிருப்பார்கள். காகிதம் மக்கினாலும் அந்தப் படலம் மண்ணிலேயே கிடக்கும். தமிழக அரசு 1.1.2019 முதல் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. 2018இல் வந்த அரசாணையிலேயே அதைப் பார்க்கலாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கப்பைக் கிழித்து, வெந்நீரில் இரவு முழுவதும் ஊறப்போடுங்கள். (நம் ஊர்க் குளிரில் தண்ணீர் சட்டென்று ஆறிவிடும், காலையில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றினால் நல்லது.) பிறகு விரலால் தேய்த்தால் காகிதம் கூழாகக் கழன்றுவிடும். கையில் மிஞ்சும் மெல்லிய, ஒளி ஊடுருவும் தோலை இழுத்துப் பாருங்கள். நனைந்த காகிதத்தைப் போல அறுந்து போகாமல் அது நீளும். அதுதான் பிளாஸ்டிக்.