கோதுனவ் மேல் விழுந்த கொலைப்பழி
ரஷ்யாவின் உக்லிச் நகரில் 1591-ல், அப்போதைய ஜார் (ரஷ்ய மன்னர்) ஃபியோதரின் மாற்றாந்தாய் மகனும் அடுத்த வாரிசுமான சிறுவன் திமித்ரியைத் தீர்த்துக்கட்டித்தான் ஃபியோதரின் மைத்துனர் போரிஸ் கோதுனவ் பின்னால் ஜார் ஆனார் என்று இங்கே வந்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. அது அவ்வளவு உறுதியா? அன்று விசாரணைக்குப் போன பிரபு வசீலி சூய்ஸ்கி, சிறுவன் கத்தி வைத்து விளையாடும்போது வலிப்பு வந்து தன் கழுத்தில் தானே குத்திக்கொண்டான் என்றார். 1605-ல், நான்தான் அந்தத் திமித்ரி என்று சொல்லிக்கொண்ட போலி திமித்ரி மாஸ்கோவுக்கு வந்ததும், பையன் தப்பிவிட்டான் என்றார். மறுவருடம் தானே அரியணை ஏறியதும், கொலை செய்தது கோதுனவ் ஆட்கள்தான் என்றார். ஒரே வாய், மூன்று கதை! முதல் கதை கோதுனவுக்குப் பயந்து சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சிறுவன் இறந்தபோது ஜார் ஃபியோதருக்கு 33 வயதுதான்; அவருக்கே வாரிசு பிறக்க வாய்ப்பிருந்தது. கோதுனவின் தங்கையான அரசி இரினாவுக்கு 1592-ல் குழந்தையும் பிறந்தது. திருச்சபை ஏற்காத திருமணத்தில் பிறந்து, அரியணை உரிமையே சந்தேகமாக இருந்த பையனை அவசரப்பட்டுக் கொல்ல என்ன தேவை? கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் பஞ்சத்துக்கும் கோதுனவையே திட்டியிருக்கிறார். 1601-03 பஞ்சத்தில் அரசுக் களஞ்சியங்களைத் திறந்துவிட்டதும் அவர்தானே ஐயா.