"வெறும் புல்லுதானே"ன்னு சொல்றவங்களுக்கு

அந்த வீடியோவைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா நேத்துலருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல அனுப்பி "உங்க சப்ஜெக்ட்டாச்சே"ன்னு கேக்கறீங்க. வெறும் புல்லுதானே, நட்டா தானா வளரும், அறுத்து ஃபேக்டரிக்கு அனுப்புனா எரிபொருள், இதைக்கூட செய்ய மாட்டேங்கறாங்க விவசாயிங்கன்னு வீடியோல ஒருத்தர் மேடைல சொன்னதும் கைதட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

புல்லு வளர்க்கறது கஷ்டம்னு நான் சொல்லவே இல்லைங்க. அறுத்ததுக்கு அப்புறம்தான் கஷ்டமே.

நாங்க நேப்பியர்ங்கற உயரமா வளர்ற தீவனப் புல்லு போட்டோம். கரணை நட்டு, முதல்ல களையோட மல்லுக்கட்டி, அப்புறம் ஆள் உயரத்துக்கு மேல வளந்து நின்னப்போ எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. பச்சையா அறுத்தா அதுல முக்கால்வாசி தண்ணி. காய வெச்சு கட்டு கட்டிக் குடுங்கன்னாங்க (யாருன்னு கேக்காதீங்க). இலை ரெண்டு நாள்ல சரசரன்னு காஞ்சிடுச்சு, தண்டை ஒடிச்சா உள்ள ஈரம். காஞ்சிடுச்சுன்னு நம்பி கட்டிட்டோம். வரேன்னு சொன்ன லாரி மூணு வாரம் வரல. ஒருநாள் காலையில கட்டுக்குள்ள கைய விட்டேன், வெடுக்குன்னு எடுத்துட்டேன், அவ்ளோ சூடு. பிரிச்சா நடுவுல வெள்ளையா பூஞ்சை, புளிச்ச வாடை. ஈரத்தோட அடுக்குன போர் தானாவே தீப்பிடிக்கும்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. கடைசியா வந்தவங்க ஈரம் பாக்கற மீட்டரைக் குத்திப் பாத்துட்டு ரிஜெக்ட்னு போயிட்டாங்க. எங்க அப்பா ஒரு வார்த்தை பேசல. ஒவ்வொரு கட்டா பிரிச்சு வெயில்ல பரப்பிக்கிட்டே இருந்தாரு.

"உங்களுக்கு காய வெக்கத் தெரியல"ன்னு கமெண்ட் வரும். ஆமா, தெரியல. தண்டை நசுக்கிவிட்டு காய வெக்கணும், இல்லனா காய வெக்கவே வேணாம், நறுக்கி காத்துப் புகாம மூடி பயோகேஸுக்குக் குடுக்கலாம்னு பின்னாடிதான் கத்துக்கிட்டோம். நடறதுக்கு முன்னாடி அதைச் சொல்ல வேண்டியது யாரு?

"உணவு நிலத்துல புல்லு போடலாமா"ன்னு கேக்கறவங்க கேள்வி நியாயம், அதுல எனக்குச் சண்டையே இல்ல.

"புல்லை எரிபொருளாக்கற டெக்னாலஜி வந்துடுச்சு சார்"னு சொல்றவங்ககிட்டதான் சண்டை. 2006லயே அமெரிக்க ஜனாதிபதி புஷ், ஸ்விட்ச்கிராஸ்ங்கற அவங்க ஊர் புல்லு மாதிரி செடிகள்லருந்து எடுக்கற எத்தனாலை ஆறு வருஷத்துல போட்டி போடற அளவுக்குக் கொண்டுவருவோம்னு சொன்னாரு. 2007ல சட்டமே போட்டாங்க, 2022க்குள்ள வருஷத்துக்கு 1600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள், அதாவது புல்லு, தட்டை மாதிரி நார்ப்பொருள்லருந்து எடுக்கறதுன்னு. அது பக்கத்துலகூட போகல. அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல டூபாண்ட் கம்பெனி 2015ல திறந்த பெரிய ஆலை, அது மக்காச்சோளத் தட்டையை வெச்சு ஓடுனது, 2017லயே மூடிட்டாங்க. அவ்ளோ பணமும் படிப்பும் இருக்கறவங்களுக்கே இது தண்ணி காட்டுச்சு. ஏன்னா புல்லுல இருக்கற சர்க்கரை சும்மா கெடைக்காது, செடிக்கு விறைப்பு குடுக்கற லிக்னின்ங்கற பொருள் அதை இறுக்கிப் பூட்டி வெச்சிருக்கு, ஆவியோ ஆசிடோ விட்டு உடைக்கணும், அப்புறம் என்சைம், அதுக்கப்புறமும் அதுல வர்ற சைலோஸ்ங்கற ஒரு வகை சர்க்கரையை சாதாரண ஈஸ்ட் தொடாது, கட்டோட வந்த மண்ணு மெஷின் பிளேடைத் தின்னும், லாரில பாதி இடம் வெறும் காத்து. இதுல எது "வெறும் புல்லு"?

மிஸ்காந்தஸ்ங்கற இன்னொரு உயரப் புல்லு போடுங்கன்னு சிலர். அதுல எரிபொருளுக்குப் பரவலா போடற வகைல முளைக்கற வெதை கெடையாது, கிழங்குதான் நடணும், முழு வெளைச்சலுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் குடும்பம் எதை வெச்சு ஓடும்?

நான் இதுக்கு எதிரி இல்லைங்க. இன்னும் எங்க நிலத்துல ஒரு மூலைல நேப்பியர் நிக்குது. ஒரே ஒரு தடவை யாராவது மேடையேறி, ஈரம் இவ்ளோதான் இருக்கணும், லாரி இந்தத் தேதிக்கு வரும், வரலைன்னா நஷ்டம் எங்களோடதுன்னு சொல்லட்டும், நானே முதல் ஆளா நடறேன். நஷ்டத்தையும் எங்க தலைல கட்டிட்டு சோம்பேறின்னும் சொன்னா வலிக்குது.

வீடியோவை எங்க வேணா போட்டுக்கோங்க. எங்க அப்பா இருக்கற குரூப்ல மட்டும் போடாதீங்க.