சிலந்திப்பேனுக்கு வேப்பெண்ணெய்: மேலே சொன்ன முறையில் ஒரு திருத்தம்

"ஸ்ட்ராபெரி இலை வெளிறினால் பாத்திரம் கழுவும் லிக்விட்டில் வேப்பெண்ணெய் கலந்து மத்தியானம் ஒரு தடவை அடிச்சா எல்லாப் பூச்சியும் காலி"ன்னு மேலே ஒருத்தர் போட்டிருக்கார். அப்படியே செஞ்சா பூச்சிக்கு முன்னாடி இலைதான் கருகும். சென்னை தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து மொட்டை மாடி வெயிலில் எண்ணெய் பட்ட இலை தாங்காது. சாயங்காலம் வெயில் இறங்கினதும் அடிங்க.

முதல்ல என்ன பூச்சின்னு பாருங்க. இலையை வெள்ளைத் தாள் மேல தட்டினா, விழுற புள்ளிகள் மெதுவா நகருதா? அடியில மெல்லிய நூலாம்படை இருக்கா? அப்போ அது சிலந்திப்பேன் (spider mite). இலை அடிப்பக்கம் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும்.

மறுநாள் 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1–2 மில்லி காதி சோப்புக் கரைசல். சோப்பை எண்ணெயோட முதல்ல குழைச்சுட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்க. உப்புத்தண்ணி போர்வெல் வேண்டாம். சோப்பு திரிஞ்சு எண்ணெய் தனியா மிதக்கும், அதுதான் இலையைச் சுடும். மெட்ரோ வாட்டர் குழாய்த்தண்ணியோ மழைத்தண்ணியோ நல்லது.

ஒரு தடவை போதாது. முட்டை தப்பிச்சிடும், சூட்டில் ஒரே வாரத்தில் அடுத்த தலைமுறை ரெடி. 5–6 நாள் இடைவெளியில் மூணு தடவை, இலையின் அடிப்பக்கம் நனையுற மாதிரி. விரிஞ்ச பூ மேல படவேண்டாம், தேனீ வரும்.

"எல்லாப் பூச்சியும் காலி"ன்னு சொன்னதும் சரியில்லை, செடியைத் தின்னுற நத்தைக்கு இந்த வேப்பெண்ணெய் சுத்தமா வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி டார்ச் அடிச்சு, கையுறை போட்டுப் பொறுக்குறதுதான் வழி.